மூன்று புள்ளிகளுக்குப் பதிலாக

சென்ற மாதம் ஒரு சிறப்பு மலருக்குத் தோட்டத்து நினைவுகளை எழுதிக் கொடுத்தேன். அச்சில் பார்த்தால், நான் 'தேவடியா' என்று எழுதிய இடங்களிலெல்லாம் மூன்று புள்ளிகள். நான்கு இடம், பன்னிரண்டு புள்ளி. போன் எடுத்துக் கேட்டேன். "வாசகர் மனசு புண்படும் ஐயா" என்றார் மலரைத் தயாரித்த இளைஞர். அந்த ஏச்சை வாங்கியவளின் மனசைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆகவே இங்கே முழுதாக எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் கிளாக்கர். மலைக்குப் போகுமுன் ஆட்கள் கூடும் காலைப் பெரட்டுக் களத்தில், வேலைக்கு வந்தவர்களின் கணக்கை எழுத நானும் நிற்பேன். எதையும் எண்ணுவது என் பழக்கம். ஒரு வாரம், மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கின் ஏச்சுகளையும் எண்ணினேன். ஆறு நாளில் முப்பத்தேழு. அதில் பதினொன்று 'தேவடியா'. எல்லாம் கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு.

மறு வாரம் ஒருத்தி ஐந்து நிமிடம் பிந்தி வந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல்.

"வாடி தேவடியா, இப்பத்தான் எந்திரிச்சீங்களோ?" என்றார் கண்டாக்கு.

"நீதான்டா தேவடியா மகன்" என்றாள். ஒரே ஒரு தடவை.

தோட்டத்தை நடத்தும் துரையின் அறையில் விசாரணை. துரை சிங்களவர், தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது. குறிப்பு எழுதுவது நான்.

"மொதல்ல அவரு என்னா சொன்னாருன்னு கேளுங்க தொரை. என்னய தே..."

கண்டாக்கு குறுக்கே பாய்ந்தார். "பாருங்க சார், ஒங்க முன்னுக்கே அசிங்கம் பேசுறா!"

"இங்க கெட்ட வார்த்தை பேச வேணாம்" என்றார் துரை.

"அதச் சொல்லாம நடந்தத எப்பிடிங்க சொல்றது? கிளாக்கரையா, நீங்களும் நின்னீங்கல்ல, சொல்லுங்க."

எண்ணிக்கை எழுதிய தாள் என் சட்டைப் பையில் இருந்தது. "கண்டாக்கு கொஞ்சம் கண்டிப்பாகப் பேசினார் சார்" என்றேன். படித்த வாய்! அப்படியே எழுதினேன். அவள் பேசியதைத் 'தகாத சொல்' என்று எழுதினேன்.

பதினான்கு நாள் அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். பிறகு பெரட்டில் எல்லோர் முன்னும் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள். வேலையோடு, குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும்.

பதினைந்தாம் நாள் பெரட்டில் எண்பத்திரண்டு பேர். அவள் முன்னால் வந்து கைகூப்பினாள்.

"ஐயா, நீங்க என்னய தேவடியான்னு சொன்னப்ப, நான் ஒங்கள தேவடியா மகன்னு திருப்பிச் சொன்னது தப்புங்க. மன்னிச்சிக்கங்க."

"பின்னுக்குக் கேக்கல புள்ள, சத்தமா சொல்லு!" என்றாள் ஒரு கிழவி.

அவள் சத்தமாகச் சொன்னாள். களமே சிரித்தது.

"போதும், போதும், மலைக்குப் போங்க!" என்று கத்தினார் கண்டாக்கு.

"மன்னிச்சிட்டீங்களா ஐயா?"

பேரை வெட்ட வழியில்லை. கேட்கச் சொன்னார்கள், கேட்டுவிட்டாள். மறுநாள் கண்டாக்கு மூன்று தடவை ஏசினார். அவளை மட்டும் ஏசவில்லை.

அன்றைய குறிப்பில் நான் எழுதியது 'மன்னிப்புக் கோரினார்' என்ற இரண்டே சொல். எண்பத்திரண்டு பேர் காதால் கேட்டதை அப்படி மூடிவைத்தேன். எனக்காவது வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. இந்த மலர்க்காரர்களுக்கு என்ன பயம்?