ஓய்வெடுக்க வருகிறவர்கள்

யாழ்ப்பாணத்தில் இப்போது போர்நிறுத்தம்தான், ஆனாலும் இங்கே மொன்றியல் வீட்டில், மகளின் காலுறையைத் தேடிக் கட்டிலுக்கடியில் குனிந்தபோது, புழுதி மணத்ததும் என் கை தானாக வாயைப் பொத்தியது.

என் சின்ன வயதில், வெளிநாடொன்றில், அந்நாட்டுத் தலைவர்கள் காலங்காலமாக வந்து இளைப்பாறிய ஒரு பாலைவன ஊரில் அப்பா விடுதிச் சமையற்காரர். யாழ்ப்பாணத்துக் குண்டுவீச்சிலிருந்து தப்பி நாங்கள் அவரிடம் போய்ச் சேர்ந்த பிறகும், இப்போது இடித்துவிட்ட அந்த வேலையாட்கள் குடியிருப்பில், தலைவர்களின் ஹெலிகொப்டர் தாழ்ந்து வரும்போதெல்லாம், யன்னல்கள் அதிர, கூரையில் மணல் சொரிய, அம்மா எங்களைக் கட்டிலுக்கடியில் இழுத்து வாயைப் பொத்துவார். நானும் தம்பியும் புழுதியை மூச்சாக இழுத்தபடி குண்டு விழக் காத்திருப்போம்.

ஒருநாள் அப்பா குனிந்து பார்த்தார். "இஞ்சை குண்டு போடமாட்டினம். இவை ஓய்வெடுக்க வருகினம்."

"ஓய்வெடுத்துப்போட்டு எங்கை போவினம்?" என்றார் அம்மா.

அடுத்த முறை அந்த இரைச்சல் கேட்டபோது, வெள்ளைச் சமையல் உடுப்போடு அப்பாவும் எங்கள் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டார்.