தரையைத் தொடுமுன் உடைந்த தட்டு

பொய்யான ஒரு தட்டு மெய்யாக உடைய வேண்டும் என்பதற்காக ஒருவர் தம் ஆயுளில் ஐந்து வருடங்களைக் கொடுக்கலாமா? அண்ணியை நினைக்கும்போதெல்லாம் கொழுந்தனுக்கு இந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கும். அந்த ஐந்து வருடங்களும் அவனுடைய கம்பெனிக்குக் கிடைத்தவை. அதனால் ‘கொடுக்கலாம்’ என்று சட்டென்று சொல்லிவிட அவனுக்குக் கூச்சமாக இருக்கும்.

அவன் வடிவமைத்தது கணினிக்குள் செருகும் ஒரு கார்டு. உள்ளங்கை அகலம், மேலே ஒரு குட்டி மின்விசிறி. விளையாட்டுகளில் பொருட்கள் விழுவது, மோதுவது, சிதறுவது, துணி படபடப்பது, இந்தக் கணக்குகளை மட்டும் அது போடும். படம் வரைய வேறு கார்டு இருந்தது. இன்று இப்படி ஒரு தனிக் கார்டை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. படம் வரையும் கார்டே அந்தக் கணக்கையும் தன் தலையில் ஏற்றிக்கொண்டுவிட்டது.

அண்ணி இதற்கு முன் பீங்கான் ஆலை ஒன்றில் பதினோரு வருடம் வேலை பார்த்தவர். உடைந்து திரும்பி வரும் பெட்டிகளைத் திறந்து, சில்லுகளைப் புரட்டிப் பார்த்து, இது சூளையிலேயே விரிசல் விட்டதா, லாரியில் நசுங்கியதா, யாராவது இடுப்பு உயரத்திலிருந்து கைநழுவ விட்டார்களா என்று எழுதிக் கொடுப்பது அவர் பொறுப்பு. ஆலை வேறு ஊருக்குப் போனது. அண்ணி போகவில்லை. வீட்டில் அலமாரியை மூன்றாம் முறையாகக் கலைத்து அடுக்கிக்கொண்டிருந்த நாளில் அண்ணன் தன் தம்பிக்குப் போன் செய்தார்.

“டேய், உன் ஆபீஸ்ல ஏதாவது வேலை இருந்தா இவளைக் கூட்டிட்டுப் போடா. விட்டா என்னையும் மடிச்சு உள்ள வெச்சுடுவா.”

ஆபீஸ் என்பது டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள். ரப்பர் வாடை படியேறி வரும். மொத்தம் ஆறு பேர். நீள மேசையில் பக்க மூடி கழற்றிய நான்கு கணினிகள். முதல் நாளே கொழுந்தன் பெருமையோடு ஒரு காட்சியை ஓடவிட்டான். அலமாரியிலிருந்து ஒரு தட்டு விழுந்து சிதறியது. அண்ணி மோவாயில் கை வைத்து நான்கு முறை பார்த்தார்.

“எப்படி இருக்கு அண்ணி?”

“நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது விழுந்து உடையல. உடைஞ்சுட்டு விழுது.”

நிரல் எழுதுபவன் சிரித்துவிட்டான். “அக்கா, ஒரு செகண்டுக்கு அறுபது தடவை கணக்குப் போடுது. உங்க கண்ணு அதைவிட வேகமா?”

“என் கண்ணுக்கு ஏதுப்பா வேகம்? தரையில தட்டோட நிழலைப் பாரு. நிழலும் தட்டும் ஒண்ணு சேரவே இல்ல. அதுக்குள்ள சோலி முடிஞ்சுபோச்சு.”

காட்சியை மெதுவாக்கிப் பார்த்தார்கள். தரைக்கு ஓர் அரிசி உயரம் மேலே இருக்கும்போதே தட்டு உடைந்துகொண்டிருந்தது. பொருட்கள் ஒன்றுக்குள் ஒன்று புதைந்துவிடாமல் இருக்க, ஒவ்வொன்றையும் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய தோலைக் கொழுந்தன் போர்த்தியிருந்தான். தோல் பட்டாலே பொருள் பட்டதாகக் கணக்கு. மரப்பெட்டிக்கு அது பொருந்தியது. தட்டுக்கோ, தட்டைவிடத் தோல் தடிமன். தோலைப் போர்த்தியவனே அதை மறந்துபோயிருந்தான்.

அடுத்த மூன்று வாரத்தில் ஒரு விளையாட்டுத் தயாரிப்பு நிறுவனத்தின் மேலாளர் வருவதாக இருந்தது. கார்டுக்கென்று ஒரு விளையாட்டாவது இருந்தால்தான் ஜனங்கள் கார்டை வாங்குவார்கள். கார்டு வைத்திருக்கும் ஜனங்கள் இருந்தால்தான் யாராவது விளையாட்டு எழுதுவார்கள். ஏற்கனவே நான்கு நிறுவனங்கள் கை விரித்துவிட்டன. இவரும் முடியாது என்றால் கடையைக் கட்டிவிடுவது என்று கொழுந்தன் எல்லோரிடமும் சொல்லியிருந்தான்.

அவர் வர இரண்டு நாள் இருக்கும்போது நிரல் எழுதுபவன் ஆர்வக் கோளாறில் ஒரு காரியம் செய்தான். தட்டைப் பன்னிரண்டாயிரம் சில்லாக உடைத்தான். கார்டு அசராமல் கணக்குப் போட்டது. ஆனால் திரை திக்கித் திணறியது. கார்டைக் கழற்றினார்கள்; அத்தனை சில்லுக்குக் கணக்குப் போட ஆளில்லாமல் சில்லு குறைந்தது, விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. அத்தனை சில்லையும் எங்கே விழ வேண்டும் என்று இவர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள். அத்தனையையும் படம் வரையும் கார்டு வரைய வேண்டுமே என்பது யாருக்கும் உறைக்கவில்லை. வேகத்துக்காக விற்கும் கார்டு வேகத்தைக் குறைத்தது.

“கணக்கு கரெக்டுதான்...” என்று அவன் இழுத்தான்.

“உன் கணக்கைக் கொண்டுபோய் உடைப்புல போடு,” என்றார் அண்ணி. “பதினோரு வருஷம் பொறுக்கினவ சொல்றேன். ஒரு தட்டு விழுந்தா கையில எடுக்கிற மாதிரி ஒன்பது பத்து. பெருக்குற மாதிரி ஒரு நாப்பது. மிச்சம் தூசி. பன்னெண்டாயிரம்னா அது விழுந்ததில்ல, மாவு மெஷின்ல அரைச்சது. அப்புறம், ஒவ்வொரு தடவையும் உடைஞ்சே ஆகணும்னு யாரு சொன்னா? விளிம்பு பட்டு விழுந்தா சிலது தப்பிச்சுக்கும்.”

சில்லைக் குறைத்து, மிச்சமான கணக்குத் திறனையெல்லாம் தட்டின் விளிம்புக்குக் கொடுத்தார்கள். அங்கே தோலையும் மெலிதாக்கினார்கள். நிரல் எழுதுபவனுக்கு அன்றிலிருந்து ‘பன்னெண்டாயிரம்’ என்று பெயர்.

மேலாளர் வந்தார். கைகளைக் கட்டியபடி நின்று பார்த்தார். பிறகு தாமே மௌஸை வாங்கி ஒரு தட்டைத் தள்ளினார். அது விளிம்பில் விழுந்து உருண்டு, திரையின் ஓரத்தை நோக்கி வந்து, சுழன்று, சுழற்சி தாழத் தாழச் சத்தம் நெருக்கமாகி, முழுசாகப் படுத்தது. அது வரும்போது மேலாளர் தம் காலைச் சற்று நகர்த்திக்கொண்டார். அதைக் கொழுந்தன் பார்த்தான்.

“இன்னொரு தடவை,” என்றார் அவர். எட்டு முறை தள்ளினார். எட்டாவது உடைந்தது. “ஐயோ!” என்றார். பிறகு, “எங்க கேம்ல ஒரு சமையலறை இருக்கு. அது முழுக்க இப்படிப் பண்ணித் தர முடியுமா?”

சரியாக விழும் பொருளை யாரும் கவனிப்பதில்லை. தவறாக விழுந்தால்தான் கண்ணில் உறுத்தும். அண்ணி செய்த வேலை, நன்றாகச் செய்தால் கண்ணிலிருந்து மறைந்துவிடும் வகையைச் சேர்ந்தது. அதைப் பாராட்ட வார்த்தை தேடுவது இதை எழுதும் எனக்கும் எளிதாக இல்லை. கொழுந்தனுக்கும் நன்றி சொல்ல வாய் வரவில்லை. தன் மேசையிலிருந்த நல்ல திரையைத் தூக்கிவந்து அண்ணியின் மேசையில் வைத்தான்.

“என்ன தம்பி, கவனிப்பு பலமா இருக்கு?”

“அதுல எனக்குக் கண்ணு வலிக்குது அண்ணி.”

“சரி, எனக்கு வலிக்கட்டும்,” என்று சிரித்தார்.

அந்தச் சமையலறையால் கார்டு சில வருடம் விற்றது. பிறகு பெரிய நிறுவனம் ஒன்று ஆறு பேரையும் கணக்கையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. தான் இன்று நிற்பது அண்ணி போட்ட தரையில் என்பதில் கொழுந்தனுக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

அந்தச் சமையலறை உருவான நாட்களில், அதிலிருந்த ஒவ்வொரு பொருளுக்கும் எடை, உறுதி, உடையும் விதம் எல்லாம் அண்ணியே குறித்தார். விளையாட்டு வெளிவரப் பத்து நாள் இருக்கும்போது அந்த நிறுவனத்திலிருந்து ஒரு புகார் வந்தது. ஜன்னலுக்கு அருகே கொக்கியில் தொங்கும் நீலக் கோப்பையைத் துப்பாக்கியால் சுட்டாலும், சுத்தியால் அடித்தாலும், கூரையே இடிந்து விழுந்தாலும் அது அசைவதில்லை. கொழுந்தன் அண்ணி குறித்த பட்டியலைத் திறந்தான். மற்ற எல்லாவற்றுக்கும் எடை இருந்த இடத்தில், அந்தக் கோப்பைக்கு மட்டும், சுவர்களுக்குக் கொடுக்கும் ‘அசையாது’ என்ற குறிப்பு.

“அண்ணி, அந்த நீலக் கோப்பைக்கு எடை போட மறந்துட்டீங்களா?”

“மறக்கல.”

“அப்புறம் ஏன்?”

“பதினோரு வருஷம் உடைஞ்சதையே பார்த்தவ தம்பி. ஒண்ணாவது உடையாம தொங்கட்டும்,” என்றார் அண்ணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். புகார்ப் படிவத்தின் கடைசிக் கட்டத்துக்குள் ‘பிழை அல்ல’ என்று தட்டி அனுப்பினார்.