ஆயம்மாளின் வள்ளம்

ஜெயம்மாளிடம் வாய் கொடுத்து மீண்டவர் எங்கள் பொருளாதாரத் துறையில் ஒருவரும் இல்லை. நான் பலமுறை கொடுத்தேன், ஒவ்வொரு முறையும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்றைக்குக் கள்ளக்குறிச்சியில் அவளிடம் படித்தவர் ஒருவராவது இல்லாத தெரு கம்மி. நான் சொல்வது அவள் வெறும் ஆராய்ச்சி மாணவியாக இருந்த எண்பத்தேழாம் ஆண்டுக் கதை. அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பெருமையாகச் சொல்லிக்கொள்கிற பங்கு அல்ல.

அவள் சின்னசேலத்துக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா பெயர் பாவாடை, அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். என் பெயர் காசிநாதன், கள்ளக்குறிச்சி டவுன். எங்களுக்குச் சொந்தத்தில் நிலம் இருந்தது, அந்த மிதப்பும் கூடவே இருந்தது. இரண்டு பேரும் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். அவள் கல்வராயன் மலையின் சாமை விளைச்சலை எடுத்துக்கொண்டாள். நான் சின்னசேலம் பக்கத்துக் கம்பை எடுத்துக்கொண்டேன், வெயில் ஏறுவதற்குள் விசாரித்துவிட்டு வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாமே என்று.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு ஒரு ஆராய்ச்சி மாணவருக்கு விருது கொடுப்பார்கள். ஆராய்ச்சியும் நன்றாக இருக்க வேண்டும், இளங்கலைப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதும் நன்றாக இருக்க வேண்டும். ஒரு கேடயம், அதோடு இன்னும் இரண்டு ஆண்டுக்கு உதவித்தொகை. எனக்கு அது கௌரவம். ஜெயம்மாளுக்கு அதுதான் வழி. அவளுடைய உதவித்தொகை டிசம்பரோடு முடிகிறது. விருது கிடைக்காவிட்டால் பாதி எழுதிய ஆய்வைச் சுருட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். கடைசிப் பட்டியலில் இருந்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

அவளைப் பட்டியலில் உட்கார வைத்தது ஒரே ஒரு எண். சமவெளியில் ஒரு பங்கு சாமை விதைத்தால் பதினாறு பங்கு விளையும். மலையில் இருபது பங்கு என்று அவள் அறுபத்து நாலு வீட்டில் கேட்டு எழுதியிருந்தாள். கிணறு இல்லை, உரம் இல்லை, இருபது. பேராசிரியர்கள் வாயைப் பிளந்தார்கள்.

அந்த நாட்களில் எங்கள் மாவட்டத்தில் இரண்டு பேர் சேர்ந்தால் இட ஒதுக்கீட்டுப் பேச்சுதான். ஜெயம்மாளின் சாதிக்காரர்கள் ஒதுக்கீடு கேட்டு ஊர்வலமும் மறியலுமாக இருந்தார்கள். ஒருநாள் கேன்டீனில் நாலு பேர் சிரிக்கட்டும் என்று, இனிமேல் விருதையும் ஒதுக்கீட்டில்தான் கொடுப்பார்கள் போலிருக்கிறது என்றேன். ஜெயம்மாள் பின் பெஞ்சில் இருந்ததை நான் பார்க்கவில்லை. அவள் வடையை நிதானமாகத் தின்று முடித்து, கையைக் கழுவிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"அந்தக் கேடயத்த ஜெயிச்சி எடுத்துக்கினு வந்து உன் மேசை மேல வெக்கிறேன் காசி. தொட்டுப் பாத்துட்டுத் திருப்பிக் குடு" என்றாள்.

செப்டம்பரில், விருதுத் தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, விட்டுப்போன சில விவரங்களைக் கேட்க அவள் மலை மேலிருக்கும் கரியாலூருக்குப் போனாள். போன மறுநாள் ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் தொடங்கியது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் நின்றது. மலை மேல் இருந்தவள் மலை மேலேயே இருந்தாள். கீழே மரம் வெட்டிப் போட்டவர்களில் அவளுடைய அண்ணன் சின்னதுரையும் ஒருவன் என்பது வேடிக்கை.

அவள் தங்கியது ஆயம்மாள் வீட்டில். ஆயம்மாளுக்கும் இவள் வயதுதான், மூன்று பிள்ளைக்காரி. சும்மா உட்கார்ந்தால் ஜெயம்மாளுக்குக் கை அரிக்கும். அதனால் களத்துக்குப் போய் முதல் சாமை அறுப்பை அளக்கக் கூடமாட நின்றாள். ஆயம்மாள் வள்ளத்தில் அள்ளி, விளிம்புக்கு மேல் நிற்பதைக் கையால் வழித்துத் தலைதட்டி, மூட்டையில் கொட்டினாள். வள்ளம் என்றால் நாலு படி கொள்கிற இரும்பு அளவை. அதில் புதிதாகப் பார்க்க ஒன்றும் இல்லை.

அரை மணி கழித்துப் பக்கத்து வீட்டுக்காரி கொள்ளு விதைக்கக் கைமாற்றாக ஒரு வள்ளம் விதை கேட்டு வந்தாள். ஆயம்மாள் அதே வள்ளத்தில் கொள்ளை அள்ளினாள். இந்த முறை தலைதட்டவில்லை. இனி நிற்காது, உருண்டு விழும் என்கிற வரைக்கும் கூம்பாகக் குவித்துக் கொடுத்தாள்.

ஜெயம்மாள் ஏன் என்று கேட்டாள்.

"இது வெதையாச்சே. வெதைக்கு யாராச்சும் தலதட்டுவாங்களா? நெலத்துக்குக் குடுக்கறதுல கஞ்சத்தனம் பண்ணா, நெலமும் நம்மகிட்ட அதையே பண்ணும்" என்றாள் ஆயம்மாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

ஜெயம்மாள் சாமையையே வாங்கிக் குவித்து அளந்து, படியில் கொட்டிப் பார்த்தாள். நாலு படி அல்ல, ஐந்து. மலைக்காரர்கள் ஒரு வள்ளம் விதை என்று சொன்னபோதெல்லாம் இவள் நாலு படி என்று எழுதியிருந்தாள். அறுவடை தலைதட்டிய கணக்கு, விதை குவித்த கணக்கு. இருபது வள்ளம் விளைச்சல் எண்பது படி. அது நாலு படி விதையில் வந்ததல்ல, ஐந்து படியில் வந்தது. அப்படியானால் இருபது பங்கு இல்லை, பதினாறு. சமவெளியில் எவ்வளவோ அவ்வளவேதான்.

இந்தத் தப்பு அவள் வளர்ந்த விதத்தில் வந்தது. வள்ளத்தையே பார்த்திராத பட்டணத்துப் பையனாக இருந்தால் எப்படி அளப்பீர்கள் என்று முதல் நாளே கேட்டிருப்பான். இவள் குத்தகைக்காரர் மகள். நிலக்காரர் பக்கத்தில் நின்று முறைக்க முறைக்க, அப்பா ஒரு மணி கூடாமல் குறையாமல் தலைதட்டுவதைப் பார்த்தே வளர்ந்தவள். தலைதட்டாத அளவு ஒன்று உலகத்தில் இருக்கும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

மறியல் முடிகிற வரை அவள் ஊர் ஊராக நடந்தாள். நாற்பது வீட்டில் விதையை அளந்து காட்டச் சொன்னாள். நாற்பதிலும் கூம்பு. பஸ் ஓடத் தொடங்கியதும் ஆயம்மாளின் வள்ளத்தையும் ஒரு பை சாமையையும் இரவல் வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

சின்னசேலம் ஸ்டேஷனுக்கு ரயிலேற்ற வந்த சின்னதுரையிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவன் ஒரு வாரமாக ரோட்டில் கிடந்தவன், கண் சிவந்திருந்தது. விருது கைக்கு வரட்டும், பிறகு மெதுவாகத் திருத்திக்கொள் என்றான். அவள் முடியாது என்றதும் அவன் குரலை உயர்த்தினான்.

"நாங்க ரோட்டுல கெடந்தது இன்னாத்துக்கு? நம்ம புள்ளைங்களும் அங்க போயி உக்காரணும்னுதான். நீ போயி நின்னுக்கினு நான் தப்பு பண்ணிட்டேன்னா, இதுங்களுக்கு இடம் குடுத்தா இப்படித்தான்னு சொல்லமாட்டானுங்களா?"

"சொல்றவன் நான் சரியா செஞ்சாலும் சொல்லுவான் அண்ணே. தப்ப நானே கண்டுபுடிச்சேன், நானே சொல்றேன். இதுல எனக்கு இன்னா கொறச்சல்?" என்றாள்.

தேர்வு நாளன்று விருதுக் குழுவின் ஐந்து பேராசிரியர்களும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் நாற்பது பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு அரை மணி வகுப்பு. நான் வண்ண வண்ணமாக அட்டை எழுதிக்கொண்டு போய்க் கம்பு விளைச்சலைப் பிசிறில்லாமல் நடத்தினேன். கைதட்டினார்கள்.

ஜெயம்மாள் மேசை மேல் துணி விரித்துச் சாமையைக் கொட்டினாள். வள்ளத்தைக் குழுத் தலைவர் கையில் கொடுத்து, ஒரு வள்ளம் விதை அளந்து கொடுங்கள் சார் என்றாள். அவர் அள்ளித் தலைதட்டினார். முன் வரிசைப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டாள். அவளும் தலைதட்டினாள். நானும் இப்படித்தான் எழுதினேன், நாம் மூன்று பேரும் தப்பு என்று சொல்லி, ஜெயம்மாள் வள்ளத்தைக் குவித்தாள். படியில் கொட்டிப் பிள்ளைகளை எண்ணச் சொன்னாள். ஐந்து என்று வகுப்பே கத்தியது. கரும்பலகையில் இருபது என்று எழுதி அடித்து, பக்கத்தில் பதினாறு என்று எழுதினாள். கிணறும் உரமும் இல்லாமல் பதினாறு எடுப்பதே பெரிய காரியம், அதை மெச்ச இருபது என்று பொய் தேவையில்லை என்றாள். குரல் கொஞ்சமும் இறங்கவில்லை.

இந்தத் தப்பை யார் சுட்டிக்காட்டியது என்று தலைவர் கேட்டார். யாருமில்லை என்றாள். பிறகு ஏன் இன்றைக்கே சொல்ல வேண்டும் என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"அடுத்த வருஷம் இந்தப் புள்ளைங்கதான் சார் கணக்கெடுக்க மலைக்குப் போவும். என் இருபத நம்பிக்கினு போவக்கூடாது" என்றாள்.

விருது எனக்குக் கிடைத்தது. கடைசி நேரத்தில் முடிவை மாற்றிய ஆய்வுக்கு எப்படிக் கொடுப்பது என்று குழு சொன்னது. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஜெயம்மாள் ஒரு நாள் முழுக்க அழுதாள், அதை மறைக்கவும் இல்லை. மறுநாள் காலையில் என் மேசைக்கு வந்து வள்ளத்தை டங்கென்று வைத்தாள்.

"கேடயத்த வெக்கிறேன்னு சொன்னேன், கெடைக்கல. இத வெச்சிக்கோ. நீ எந்த வூட்லயாவது வெதை அளக்கறத கண்ணால பாத்தியா?"

பார்க்கவில்லை. என் பட்டியல் முழுக்க டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டு எழுதியது. என் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"போயி அளந்துட்டு வா. ஆயம்மாளுக்குத் திருப்பிக் குடுக்கணும், தொலைச்சிடாத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டிசம்பரில் அவள் ஊருக்குத் திரும்பி, கள்ளக்குறிச்சியில் ஒரு டுட்டோரியலில் பாடம் எடுத்தபடியே ஆய்வை எழுதினாள். எனக்கு அந்த வள்ளத்தைப் பார்க்கும்போதெல்லாம் சோறு இறங்கவில்லை. தையில் சின்னசேலம் பக்கம் வீடு வீடாகப் போய் அளந்தேன். ஜெயம்மாளின் அப்பாவைப் போன்ற குத்தகைக்காரர்கள் விதையையும் தலைதட்டித்தான் அளந்தார்கள். சொந்த நிலக்காரர்கள் சிலர் குவித்தார்கள். முப்பத்தொரு வீட்டில் பன்னிரண்டு வீட்டுக் கணக்கு தப்பு. எல்லாவற்றையும் திருத்தி எழுதி, குழுவுக்கும் ஒரு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. கேடயத்தை யாரும் திருப்பிக் கேட்கவும் இல்லை.

அதைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு டுட்டோரியலுக்குப் போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. உள்ளே போய், பிள்ளைகள் பார்க்க, அவள் மேசை மேல் வைத்தேன். என்ன பேசுவதென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. பன்னிரண்டு தப்பு என்றேன்.

அவள் தாளைப் பிரித்துக் கேடயத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது எனக்கு எதுக்கு? வள்ளம் எங்க?" என்றாள்.