வாடைக்காலத்தில் ஊர் சுற்றிக் காட்டியது

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். குச்சவெளிக்குப் போகிற வீதியோரம் இருக்கும் எங்கள் வீட்டின் முன்னறையைச் சுற்றுலாக்காரருக்கு விடுவதாக இணையத்தில் விளம்பரம் போட்டவன் நான். போட்டது சித்திரையில். கடல் பாய் விரித்த மாதிரிக் கிடந்தது. அந்தச் சந்தோசப் புளுகத்தில், புறாத்தீவு கிட்ட, திமிங்கிலம் கிட்ட, கன்னியா வெந்நீர்க் கிணறு கிட்ட, தம்பலகாமத்து யானை கிட்ட என்று எழுதித் தள்ளினேன். எங்கள் பக்கத்தில் எதைக் கேட்டாலும் கிட்டத்தான் என்போம். பஸ்ஸில் ஒரு நித்திரை கொண்டு எழும்பினாலும் அது கிட்டத்தான். மாரியில் கடல் கொந்தளிக்கும், படகு ஓடாது என்பதை மட்டும் எழுதவில்லை. கடற்கரையில் பிறந்தவன் மறக்கிற விஷயமா அது?

வந்தவர்கள் மார்கழியில் வந்தார்கள். ஸ்கொட்லாந்தின் ஏதோ நாட்டுப்புறத்திலிருந்து ஒரு வயதான புருசனும் பெண்சாதியும். அவர்களும் தங்கள் வீட்டில் அறை விட்டுக் காலைச் சாப்பாடு கொடுக்கிறவர்களாம். சோதனை மண்டபத்தில் வாத்தியாரே பக்கத்துக் கதிரையில் வந்து குந்தியது போல இருந்தது எனக்கு.

அந்த மாரியில் வேறொருவரும் வரவில்லை. இந்த அறையால் சீவிக்கலாம் என்று தெரிந்தால் நிற்பேன், இல்லாவிட்டால் தை பிறக்கக் குவைத்துக்குப் போவேன் என்று மனைவி சொல்லியிருந்தாள். கலியாணத்துக்கு முன்னம் அங்கே ஒரு வீட்டில் வேலைக்கு நின்றவள். அந்தக் காலத்தைப் பற்றி அவள் வாய் திறப்பதேயில்லை. புதுக் கடவுச்சீட்டை அலுமாரியில் சேலைகளுக்கு மேல் வைத்திருந்தாள். நான் சறம் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கும். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் என்ன செய்வேன் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அதனால்தான் பைத்தியம் பிடித்தவன் போல அந்த இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு திரிந்தேன்.

காலையில் புறாத்தீவுக்கென்று கரைக்குக் கூட்டிப்போனேன். அலை மீன்வாடிக் கொட்டிலின் வாசலைத் தொட்டுவிட்டுப் போனது. தெரிந்த படகுக்காரன் ஒருவன் படகை மேட்டில் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். ஒரு சுற்றுப் போய்வர ஏலுமா என்று அவன் காதுக்குள் கேட்டேன்.

“அண்ணை, வெள்ளைக்காரர் நீந்துவினம். நீங்கள் என்ன செய்வியள்?” என்றான்.

பிறகு மழையோடு மழையாக ஓட்டோவில் கன்னியா. வெந்நீரை வாளியில் அள்ளி அவர்களின் காலில் ஊற்றினேன். சூடு உறைக்க முன்னமே மழை அதை ஆற்றிவிட்டது. பின்னேரம் தம்பலகாமத்தில் வயலோரம் யானைக்குக் காத்து நின்றோம். வேண்டாத நாளெல்லாம் பயிருக்குள் நிற்கிற சாதி, அன்று ஒன்றுகூட வரவில்லை. சேற்றில் புதைந்திருந்த ஓர் உழவு இயந்திரத்தை யானைக்குக் குறையாமல் விளங்கப்படுத்தினேன். கிழவர் மரியாதைக்காக அதைப் படம் பிடித்தார்.

நனைந்து வந்தவர்கள் குசினிக்குள் அடுப்படியில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். மனைவி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு கடைசி யோசனை வந்தது. அவள் காதில் விழட்டும் என்று, உங்கள் வீட்டைச் சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். இடிந்த கோட்டை ஒன்று, அருவி ஒன்று, ஏரி ஒன்று என்றார். முக்கால்வாசி நாள் பனிப்புகாரில் ஒன்றுமே தெரியாதாம். வருகிறவர்கள் மழையைப் பார்த்துவிட்டு, முட்டையைச் சாப்பிட்டுவிட்டுப் போவார்களாம். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். அப்படியென்றால் அந்த அறையை வைத்தே வாழ்ந்துவிட்டீர்கள்தானே என்றேன்.

கிழவர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தார். அந்த அம்மா சிரித்தார். அறைக் காசு அந்த அறையின் கூரையைத்தான் காப்பாற்றியதாம். பிள்ளைகள் வளரும்வரை அந்த அம்மாதான் வடகடலில் எண்ணெய் எடுக்கிற மேடையில் சமையல் வேலை செய்தாராம். மாதத்தில் பாதி நாள் கடலில். வீட்டையும் விருந்தாளிகளையும் பார்த்தது இவர்தான் என்று புருசனைக் காட்டினார்.

மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. மனைவியின் ஆங்கிலம் என்னுடையதை விட நல்லது. அவள் ரொட்டியைப் பிரட்டிப் போட்டாள்.

“இஞ்சேரும், அவ பாதி மாசத்தில வீட்ட வந்தவ. நீர் போனால் வருசக்கணக்கு. ஒரு சித்திரை வரைக்கும் பொறும்,” என்றேன்.

“காலமை அந்தக் குவைத் ஏஜென்சிக்குக் கோல் எடுத்து, நான் வாறனெண்டு சொல்லுங்கோ.”