இப்திகார் நானாவின் பச்சைக் கார்

வருசக்கணக்காக என் நெஞ்சில் கிடக்கிற ஒரு ஆத்திரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காருக்கு என்ன கலர் என்று கேட்டால் எந்த ஆம்பிளையும் தன் வாயால் சொல்ல மாட்டான். "வீட்டில கேட்டுச் சொல்றேன் பாஸ்" என்பான். மனைவிக்கு ஒரு கலர், மாமியாருக்கு ஒரு கலர், சாத்திரம் பார்க்கிறவனுக்கு ஒரு கலர். அடித்து முடித்து வெயிலில் நிறுத்தினால், "இது நாங்க சொன்ன கலர் இல்லையே" என்று எல்லாரும் சேர்ந்து என்னைப் பார்ப்பார்கள். கொழும்பு கொட்டாஞ்சேனையில் நான் பெயின்ட் கராஜ் போட்ட நாள் தொட்டு இதே கதைதான்.

இப்திகார் நானாவும் அந்த ரகம்தான் என்று நினைத்தேன்.

அவர் களுபோவிலக்காரர். கல்யாணம் முடித்து, வெள்ளவத்தையில் மனைவி நளீபாவின் வீட்டுக்கே குடி போனவர். வேலை, மச்சான் மீரா சாஹிப்பின் புடவைக் கடையில். குறை சொல்ல முடியாது, நன்றாகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அவர் போடுகிற சேர்ட்டுகூட கடையில் மிஞ்சின துணியில் மச்சான் தைக்கக் கொடுத்தது. அந்த வீட்டு முற்றம் ஒடுக்கம், வாகனம் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றுதான் நிற்கும். உள்ளுக்கு நின்றது இவருடைய வண்டி. அதை வெளியில் எடுக்க வேண்டுமென்றால் மச்சானின் வேனை எடுக்கச் சொல்ல வேண்டும். "எங்க போகப் போற?" என்று மச்சான் கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே இவர் எங்கேயும் போவதில்லை.

அந்த வண்டி அவருடைய வாப்பா விட்டுப்போன வோக்ஸ்வேகன். அந்த வீட்டுக்கு அவர் கொண்டு போன ஒரே சாமான் அதுதான். உடம்பெல்லாம் துருப்பிடித்து உக்கி, அடித்தட்டும் இன்ஜினும்தான் மிச்சம். களனியில் ஒரு பைபர்கிளாஸ் வேலைக்காரனைப் பிடித்து, பழைய காலத்து ரேஸ் கார் மாதிரி கூரையில்லாத இரண்டு சீட் உடம்பு ஒன்றைச் செய்வித்து அதன் மேல் பூட்டினார். நீள மூக்கு, உருண்டைக் கண். என் கராஜில் வெறும் சாம்பல் பிரைமர் பூச்சில் நின்றபோதே றோட்டில் போகிறவன் திரும்பிப் பார்த்தான்.

"என்ன கலர் நானா?"

"தெரியாது அண்ணே. யோசிச்சுச் செல்றன்."

அந்த யோசனையிலேயே மழைக்காலம் முழுக்கப் போனது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வருவார். பழைய மட்கார்ட் ஒன்றில் நான் பட்டை பட்டையாகக் கலர் அடித்து வைத்திருப்பேன். நிழலில் பார்ப்பார், வெயிலில் பார்ப்பார், மேலே தண்ணீரை ஊற்றிப் பார்ப்பார். "இந்தச் சிவப்பு நல்லம்" என்பார். அப்போது போன் அடிக்கும். "ஓம் மச்சான், ஓம் மச்சான்" என்று கதைத்துவிட்டு வந்தால், எந்தக் கலரை நல்லம் என்றார் என்பதே அவருக்கு மறந்துபோயிருக்கும்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "இது என்ன நானா, பொண்ணு பாக்கிற விசயமா, ஊரெல்லாம் கேக்க?"

"பொண்ணும் நான் பாக்கல்ல அண்ணே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதற்குப் பிறகு நான் அவரை அவசரப்படுத்தவில்லை.

பிறகொரு வெள்ளிக்கிழமை, கடற்கரையில் பொறுக்கின போத்தல் துண்டு ஒன்றைக் கொண்டு வந்தார். கடல் தேய்த்துத் தேய்த்து மங்கின கரும்பச்சை.

"இந்தக் கலர் அண்ணே. மூக்கில குறுக்கால ஒரு வெள்ளைப் பட்டை. சீட்டுக்கு மண் கலர்ல தோல்."

போன் அடித்தது. யாரென்று பார்த்தார், அடிக்க விட்டுவிட்டுச் சட்டைப் பையில் போட்டார்.

"வீட்டில கேக்கல்லையா?"

"இல்ல. இந்த ஒரு கலர மட்டும் நான் செல்றன்."

அந்தப் பச்சையைக் கலக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மஞ்சள் ஒரு சொட்டுக் கூடினால் வாழை இலை. கறுப்புக் கூடினால் செத்த கலர். அடித்து, மேலே பளபளப்புக்குக் கிளியர் போட்டு, காய்ந்த பிறகு காரை வெளியில் தள்ளினோம். அவர் பக்கத்தில் போகவே இல்லை. எதிரே தேத்தண்ணிக் கடை வாசலில் நின்று பார்த்தார். கடைக்காரப் பொடியன் தேத்தண்ணியை நீட்டிக்கொண்டு நின்றது அவர் கண்ணில் படவில்லை.

அடுத்த நாள் மீரா சாஹிப்பையும் கூட்டிக்கொண்டு வந்தார். மீரா சாஹிப் கெட்ட மனுசன் இல்லை, சிரித்த முகம். காரை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"வேல பெஸ்ட் பாஸ். ஆனா பச்சை சரிவராது. இத நாங்க கல்யாணத்துக்கு ஹயருக்கு விடப் போறமே."

அது இப்திகார் நானாவுக்கே அப்போதுதான் தெரியும் என்பதை அவர் முகத்தில் கண்டேன். நான்தான் கேட்டேன்.

"பச்சைக்கு என்ன?"

"கட்சிக் கலர். மாப்பிள்ளை இதில வந்து இறங்கினா, வோட்டுக் கேக்க வந்திரிக்கார் எண்டு செல்லுவானுகள்."

"அப்ப நீலம்?"

"அதும் ஒரு கட்சி."

"சிவப்பு?"

"அது இன்னொண்டு. மெரூனும் வேணாம், அதுக்கும் ஆள் இரிக்கி."

"இந்த நாட்டில அப்ப கலரே மிச்சமில்லையா?"

"கிரீம் இரிக்கே பாஸ். கிரீமில ஆருக்கும் கோவம் வராது, மேல கட்டுற பூவும் எடுப்பாத் தெரியும். என்ன மச்சான் செல்ற?"

இப்திகார் நானா காரைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். வாய் திறந்தது. இப்போது சொல்லிவிடுவார் என்று நான் காத்து நின்றேன்.

"நல்லம் மச்சான்" என்றார்.

மீரா சாஹிப் அவர் முதுகில் தட்டிவிட்டுப் போய் வேனில் ஏறினார். நான் இப்திகார் நானாவிடம் வேலையைப் பற்றிச் சொன்னேன். பச்சை முழுவதையும் சான்ட் பேப்பரால் தேய்த்து முரடாக்க வேண்டும், அதற்கே ஒரு கிழமை போகும். பளபளப்புக்கு மேல் அப்படியே அடித்தால் கிரீம் பிடிக்காது. வருசம் ஒன்று போக முந்தி செதில் செதிலாக உரிந்து, அடியில் இருக்கிற பச்சை தெரியத் தொடங்கும்.

"எவ்வளவு உரியும்?" என்று கேட்டார்.

"முழுக்கத்தான்."

வேனிலிருந்து ஹோர்ன் அடித்தது. அவர் இரண்டடி போனார், திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணே, நீங்க தேய்க்க வேணாம். அப்பிடியே மேலால அடிச்சு விடுங்க."