கேடயக்காரனுக்குப் போட்ட தடை

மூன்று வருடத்துக்கு முன்னால், வெயில் ஏறத் தொடங்கிய சமயத்தில், ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தேன். ஏழு மாதம் அங்கே இருந்தேன். ஒரே இடத்தில் ஏழு மாதம் என்பது எனக்கு அதிகம். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து வத்திராயிருப்பில் மாந்தோப்புக் காவல், போர்வெல் லாரியோடு ஆந்திரா, கேரளாவில் ஹோட்டல் வேலை என்று கால் போன பக்கம் போய்க்கொண்டிருந்தவன் நான். மில்லில் சேர்ந்ததற்கும் பெரிய காரணம் இல்லை. பஸ் அங்கே நின்றது, இறங்கினேன்.

மில்லுக்குப் பின்னால் தகரம் போட்ட அறைகள் இருந்தன. எங்கள் அறையில் நாலு பேர். இரண்டு பேர் என் வயதுக்காரர்கள், ஒரே ஊரிலிருந்து சேர்ந்து வந்தவர்கள். இன்னொருவர் நாற்பதை நெருங்கியவர், தென்காசிப் பக்கம். அவரை அண்ணன் என்று கூப்பிடுவோம். அதிகம் பேசமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மில் ஓடாது. ஆனால் மெஷின்களைத் துடைத்து, அடைத்த பஞ்சை எடுக்கும் வேலை இருக்கும். அறைக்கு இரண்டு பேர் வந்தாக வேண்டும், யார் என்று நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். ஆறு நாள் நின்ற காலை ஏழாவது நாளும் நிற்கவைப்பது எப்படி இருக்கும் என்று நின்றவனுக்குத் தெரியும். வாரா வாரம் சண்டை வந்தது. சீட்டுக் குலுக்கிப் பார்த்தோம். ஒருவன் சீட்டின் முனையை மடக்கி வைக்கிறான் என்று அதிலும் சண்டை. கடைசியில், போனில் ஆடும் விளையாட்டை வைத்து முடிவு செய்யலாம் என்று ஆனது. அது என் யோசனை.

ஆளுக்கு ஒரு வீரனையோ வீராங்கனையோ எடுத்துக்கொண்டு ஆன்லைனில் மோதிக்கொள்ளும் சண்டை விளையாட்டு அது. நான் எடுப்பது கத்தியோடு தாவித் தாவி அடிக்கும் ஒரு பெண்ணை. அறையில் எனக்குப் பெயரே கத்திக்காரிதான். மற்ற இருவரில் ஒருவன் துப்பாக்கி, இன்னொருவன் வில். வழக்கமான ஆட்டம் இருபது நிமிடம் இழுக்கும். அதிலேயே வேக ஆட்டம் என்று ஒன்று உண்டு, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதைத்தான் வைத்துக்கொண்டோம். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து குளித்ததும் நாலு பேரும் பாயில் உட்கார்ந்து ஒரே ஒரு ஆட்டம். முதல் இரண்டு இடத்தில் வருபவர்களுக்கு ஞாயிறு லீவு. மற்ற இருவர் மெஷின் துடைக்கப் போகவேண்டும்.

பள்ளிக்கூடத்தில் நான் எதிலும் முதலில் வந்ததில்லை. இதில் வந்தேன். அண்ணன் முதல் மூன்று வாரமும் கடைசி. அவர் போனின் கண்ணாடி வேறு மூலையில் உடைந்திருந்தது.

நாலாவது வாரம் அவர் கேடயக்காரனை எடுத்தார். நாங்கள் சிரித்தோம். வழக்கமான ஆட்டத்தில் அவனை யாரும் தொடமாட்டார்கள். மெதுவாக நடப்பான். கேடயத்தைத் தூக்கினால் கொஞ்ச நேரம் எந்த அடியும் படாது, ஆனால் ஒருமுறை இறக்கினால் மறுபடி தூக்க ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் யார் வேண்டுமானாலும் அவனை அடித்துவிடலாம். வேக ஆட்டத்தில் அந்தக் காத்திருப்பை எல்லாருக்கும் வெட்டிவிட்டார்கள். என் கத்திக்காரிக்கு அதனால் கூடுதலாகக் கிடைத்தது இரண்டு தாவல். கேடயக்காரனுக்கோ கேடயம் இறங்குவதற்குள் மறுபடி ஏறிவிட்டது. அவன் பாட்டுக்கு நடந்து வந்து ஒவ்வொருவராக விளிம்புக்குத் தள்ளிக் கீழே போட்டான். அண்ணன் ஒரே பட்டனைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆடவே தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அதன் பிறகு வாரா வாரம் அவர் முதலிடம். மிச்சம் இருந்த ஒரு ஞாயிறுக்கு மூன்று பேர் அடித்துக்கொண்டோம். தொடர்ந்து இரண்டு வாரம் நான் மெஷின் துடைக்கப் போனபோது எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை வக்கீல் மாதிரி பேசினேன். மற்ற ஊர்க்காரர்களும் இதைப் பற்றிப் புலம்பும் வீடியோக்களைக் காட்டினேன். இது ஆட்டத்தில் இருக்கிற கோளாறு, திறமைக்கு இதில் இடமே இல்லை, நம் அறையில் கேடயக்காரனுக்குத் தடை போடவேண்டும் என்றேன். மற்ற இருவரும் உடனே சரி என்றார்கள். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கோளாறு கோளாறுதான்.

அண்ணன் துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டுச் சொன்னார். "அப்பம் வெளையாட்டே வேண்டாம்லே. மொற வச்சுக்கிடுவோம். ரெண்டு பேரு இந்த வாரம், ரெண்டு பேரு அடுத்த வாரம்."

"செயிக்கிற வரைக்கும் வெளையாட்டு, தடை போட்டா மொறையாண்ணே? அதெல்லாம் ஆகாது" என்றேன் நான்.

அவர் சிரித்தார். "சரி, கத்திக்காரி சொன்னா சரி."

அடுத்த நாலு ஞாயிறும் அவர் வேலைக்குப் போனார். யார் யாரையோ எடுத்து ஆடிப் பார்த்தார், எல்லா வாரமும் கடைசி. நான் நாலு வாரமும் முதல். அந்த ஞாயிறுகளில் நான் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்ல எதுவும் இல்லை. பத்து மணி வரை தூங்கினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். கடைத்தெருவில் நடந்தேன், நூறு கிராம் பால்கோவா வாங்கி நின்றுகொண்டே தின்றேன், திரும்பி வந்தேன். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. அடிக்கடி பஸ் இருந்தது, அதனால் போனேன்.

நாலாவது சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் அண்ணன் ஒரு துணிப்பையை என்னிடம் கொடுத்தார். நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போவாய் இல்லையா, மூன்று மணிக்குத் திருமுக்குளம் பக்கம் உன் மதினி வருவாள், இதைக் கொடுத்துவிடு என்றார். அவருக்கு மனைவி இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பைக்குள் வார் தைத்த ஒரு ஜோடி பெண்கள் செருப்பு இருந்தது.

மறுநாள் மதினி குளக்கரையில் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு தூக்குச் சட்டி. காலில் ஆண்கள் போடும் பெரிய நீல ரப்பர் செருப்பு. பையை வாங்கியதும் முதலில் வாரை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். திருப்தியாகி, அங்கேயே செருப்பை மாற்றிக்கொண்டு நீலச் செருப்பைப் பைக்குள் வைத்தார்.

"தம்பி ரூம்ல நீங்க யாரு? துப்பாக்கியா, வில்லா?" என்று கேட்டார். நான் விழித்தேன். "இல்ல, அந்தக் கத்திக்காரியா?"

"துப்பாக்கி" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"துப்பாக்கியா. சரி, இரிங்க. செத்த நேரம் இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. கிருஷ்ணன்கோவிலில் ஒரு மாணவர் விடுதி மெஸ்ஸில் அவருக்கு வேலை, தங்குவதும் அங்கேயே. ஊரில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்தபோது இருவருக்கும் வேலை கிடைத்த இடம் வேறு வேறாகப் போய்விட்டது. அவர் காலை நாலரைக்கு எழுந்தால் பாத்திரம் கழுவி முடிக்க ராத்திரி ஒன்பதரை ஆகும். அண்ணனுக்கு ஷிப்ட் மாறி மாறி வரும். ஞாயிறு மூன்று மணியிலிருந்து ஆறு மணி பஸ் வரைதான் இருவருக்கும் சேர்ந்து கிடைக்கிற நேரம். வேலைக்காரர்களுக்குக் கொடுக்கும் மதியச் சாப்பாட்டைத் தின்னாமல் கட்டி எடுத்துக்கொண்டு வருவார், குளக்கரையில் இருவரும் பாதிப் பாதி சாப்பிடுவார்கள். இதையெல்லாம் குறை போலச் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

"பாதி வச்சே பழகிப்போச்சு. நான் மட்டும் முழுசையும் எப்படித் திங்க?" என்று தூக்கின் மூடியில் எனக்குச் சோறு வைத்துக் குழம்பு ஊற்றினார். ஒரு முட்டையை நூலால் அறுத்து, மஞ்சள் கரு அதிகம் இருந்த பாதியை என் பக்கம் தள்ளினார்.

பிறகு அவரே விளையாட்டைப் பற்றிப் பேசினார். மெஸ்ஸில் பையன்கள் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார்களாம். எவனுக்குப் பலம், எது கோளாறு என்று பரீட்சைக்குப் படிப்பது போல விவாதம் நடக்குமாம். சாம்பார் ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொள்வாராம். வேக ஆட்டத்தில் கேடயக்காரனை எடுத்தால் சின்னப் பிள்ளைகூட ஜெயித்துவிடும் என்று ஒருவன் சொன்னது காதில் விழுந்ததும், அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்.

"அவியளும் நானும் சேந்து செயிச்ச ஞாயிறு தம்பி அதெல்லாம்" என்றார். பிறகு, "அந்தக் கத்திக்காரி தடை போட்டுட்டானாம். நாயந்தான். ஒத்தப் பட்டன அமுக்கி செயிக்கிறது நாயமில்லதான். ஆனா அவனுக்கு ஞாயித்துக்கெழம போகுறதுக்கு ஒரு எடம் இருக்கோ, இல்ல சும்மா செயிக்கணுமோ?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பசி இருந்தது, அதனால் சாப்பிட்டேன்.

கிளம்பும்போது பையை என்னிடம் கொடுத்தார். "போன வாரம் ஆட்டத்துல என்னமோ மாத்திட்டாங்களாம். இப்பம் வலை வீசுறவன்தான் ராசாவாம். ஒரு வலை கீழ விழுமுன்ன அடுத்த வலை வந்திருதாம். அவியள்ட்ட சொல்லிருங்க தம்பி. அந்தக் கத்திக்காரி காதுல மட்டும் போட்டுராதிய."

அதை அவரே போனில் சொல்லியிருக்கலாமே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது வேறொன்று தோன்றியது. அடுத்த சனிக்கிழமை நானே வலைக்காரனை எடுத்தால் என்ன? யாருக்கும் தெரியாது. ராஜபாளையம் வந்து இறங்கும் வரை அந்த நினைப்பு என்னோடுதான் வந்தது. அதை மறைத்து எழுதினால் இதை எழுதுவதற்கு அர்த்தமில்லை.

அறையில் அண்ணன் காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. பையைக் கொடுத்தேன். நீலச் செருப்பை எடுத்துத் தரையில் போட்டு, எழுந்து, அதைப் போட்டுக்கொண்டு குழாயடிக்குப் போனார். ஒரு மாதமாக அவர் அங்கே வெறுங்காலோடு போய்வந்ததை நான் தினமும் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வந்ததும், "அண்ணே, வலைக்காரன எடுக்கணுமாம்" என்றேன். சரி என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மதினிகிட்ட நான் துப்பாக்கின்னு சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் கண்ணை மூடியபடியே சிரித்தார். "நீதான் கத்திக்காரின்னு நேத்தே போன்ல சொல்லிட்டனேலே. செவப்புச் சட்ட, நாடியில தழும்பு, பாத்துக்கோன்னேன்."

நான் என் பாயை விரித்துப் படுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை அண்ணன் வலைக்காரனை எடுத்தார். என் கத்திக்காரி தாவ முடியாமல் வலைக்குள்ளேயே கிடந்தாள். அவர் முதல், நான் கடைசி. ஞாயிறு முழுக்கப் பஞ்சுத் தூசியில் தும்மிக்கொண்டு மெஷின் துடைத்தேன். இரண்டு வாரம் கழித்து மற்ற இருவரும் வலைக்காரனுக்கும் தடை போடவேண்டும் என்று ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை நான், பேசாமல் முறை வைத்துக்கொள்வோம் என்றேன்.

"ஏலே, நீ கேட்டா தடை, நாங்க கேட்டா மொறையா?" என்றான் துப்பாக்கிக்காரன். ஆமாம் என்றேன். அவர்களுக்கும் அலுத்துப்போயிருந்தது போல, முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். நான் இருந்த வரை முறைதான். என் முறை வந்த ஞாயிறுகளில் சிலவற்றை அண்ணனுக்குக் கொடுத்தேன். எல்லாவற்றையும் கொடுக்கவில்லை, சில வாரம் எனக்கும் கால் வலித்தது.

பிறகு வழக்கம்போல அங்கிருந்து கிளம்பிவிட்டேன். நடுவில் வேறு மூன்று ஊர், வேறு மூன்று வேலை. அந்த விளையாட்டு இப்போது என் போனில் இல்லை. ஆனால் எங்கேயாவது ஒரு வாக்குவாதத்தில் நியாயம் என் பக்கம்தான் என்று நிச்சயமாகத் தெரிந்து வாயைத் திறக்கும்போது, மதினி என் பக்கம் தள்ளிய அந்தப் பாதி முட்டை ஞாபகம் வருகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு எதற்கு என்று ஒருமுறை என்னையே கேட்டுக்கொண்டு, பெரும்பாலும் வாயை மூடிக்கொள்கிறேன்.