குடை விரிக்காதவர்

பகல் முழுக்க மற்றவர்களின் முதுகுக்கும் இடுப்புக்கும் சுகம் செய்து கொடுப்பதுதான் குஷன்காரரின் தொழில். பழைய சோபாவின் கிழிந்த ரெக்சினை உரித்து, அமுங்கிப்போன ஃபோமைத் தூக்கி எறிந்து, புதிதாக வைத்து, மேலே துணியை இழுத்துப் பிடித்துச் சடசடவென்று ஸ்டேப்ளர் பின் அடிப்பார். உட்கார்ந்து பார்த்துவிட்டு 'அப்பாடா' என்று சொல்லாத ஆள் கிடையாது. ஆனால் மாலையில் கடையை அடைத்து, வீட்டுக்கு வந்து, டிவிக்கு எதிரே வீடியோ கேம் கன்ட்ரோலரைக் கையில் எடுத்துவிட்டாரானால் சுகம் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. அங்கே அவர் குஷன்காரர் இல்லை, ஆட்டக்காரர். அதிலும் அசல் ஆட்டக்காரர்.

பள்ளியில் அவருக்குக் கிடைத்த பட்டம் தூங்குமூஞ்சி. மாமனார் வீட்டில் கிடைத்தது 'அந்த சோபாக்காரர்'. தானே செத்துச் சம்பாதித்த ஒரே பட்டம் இதுதான் என்பதால், அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்து வந்தார்.

செத்து என்றால் நிஜமாகவே செத்து. அவர் ஆடியது கோட்டை ஆட்டம். மலை மேலே ஒரு கோட்டை, வானத்திலிருந்து அம்பு மழை, வாசலுக்கு வாசல் ஒரு காவலன். அவன் கையால் செத்துச் செத்துப் பிழைத்துத்தான் அடுத்த வாசலுக்குப் போக வேண்டும். செத்துக் களைத்தவர்கள் மேல் இரக்கப்பட்டு, ஆட்டத்தைச் செய்தவர்கள் ஒரு குடை வைத்திருந்தார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் குடை விரியும். அம்பு பாதியாகும், காவலனும் கொஞ்சம் நிதானமாக வெட்டுவான். இரக்கத்தோடு இரக்கமாக, விரித்தவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குடைப் படத்தையும் ஒட்டிவிடுவார்கள். ஒட்டினால் ஒட்டியதுதான். பிறகு குடையை மடக்கி என்ன அழுதாலும் படம் போகாது.

போனில் ஒரு குழு இருந்தது, அசல் ஆட்டக்காரர் சங்கம். தலைவர் நம்மவர். யார் அசல் என்ற கேள்வியைச் சங்கம் வேறு வேலையே இல்லாததுபோல ஆராய்ந்தது. போனில் ஆடுகிறவர்கள் அசல் இல்லை என்று முதலில் தெரிந்தது, வெளியேற்றினார்கள். பிறகு பந்து ஆட்டம் ஆடுகிறவர்கள். பிறகு, அடுத்தவர் ஆடிய வீடியோவைப் பார்த்து வழி தெரிந்துகொண்டவர்கள். காய்ச்சக் காய்ச்சப் பால் சுண்டுவதுபோலச் சங்கம் சுண்டியது. சுண்டியதையெல்லாம் தரம் என்று எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் குடைக்காரர்களை நீக்கும் தீர்மானத்தைத் தலைவரே முன்மொழிந்தார். அதில் முதல் பலி அவருடைய மைத்துனன். லாரி ஓட்டுகிறவன். விஷயம் தெரிந்ததும் நேரே வீட்டுக்கு வந்துவிட்டான்.

"என்ன மாமா, என்னையே தூக்கிட்டீங்க?"

"சட்டம்னா சட்டம்தான் மாப்ள. உன் பேர் பக்கத்துல குடை இருக்கு."

"வாரம் பூரா ரோட்டுல கிடக்கிறேன். வீட்ல இருக்கிற ஒரு நாளையும் செத்துக்கிட்டே கழிக்கச் சொல்றீங்களா? உள்ள என்ன இருக்குன்னு பாக்க ஆசை. பாத்தேன்."

"பாத்தது சரி. ஆடினேன்னு சொல்லாத."

"அப்ப நான் என்னதான் பண்ணேன்?"

"சுத்திப் பாத்துட்டு வந்திருக்க. டூரிஸ்ட்."

அடுப்படியில் ஒரு கையில் கரண்டியும் மறு கையில் போனுமாக நின்றிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். பழங்களை மூன்று மூன்றாகச் சேர்த்து உடைக்கும் ஆட்டத்தில் அவள் எந்தக் கட்டத்தைத் தாண்டி எங்கே போய்விட்டாள் என்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது.

"அவனாவது டூரிஸ்ட். நான் யாரு?"

"நீ பழம் பொறுக்குற."

"சரி, பொறுக்கினவ சமைச்சிருக்கேன். ஆட்டக்காரர் வந்து சாப்பிடுங்க."

இப்படிப் பெருமையாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் அவருடைய வலது கட்டைவிரல் வேலை காட்டியது. மடக்கினால் நிமிர மறுத்தது. நிமிர்த்தினால் உள்ளே 'டக்' என்று ஏதோ மாட்டி உயிர் போனது. டாக்டரம்மா விரலைப் பிடித்துப் பார்த்தார்.

"இதுக்கு என்ன வேலை குடுக்கிறீங்க?"

"பகல்ல பின் அடிக்கிறேங்க. சாயங்காலம்... ஆட்டம்."

"ஓ, கேமா? எங்க வீட்லயும் எல்லாரும் விளையாடுவாங்க."

"அது வேறங்க டாக்டர். இது வேற."

டாக்டரம்மா அந்த வித்தியாசத்தைக் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டில் ஒன்றை விடச் சொன்னார். பின் அடிப்பதை விட்டால் அடுப்பு எரியாது. எதை விட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்தது; விட முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கோட்டையில் புதிதாக ஒரு வாசல் வந்து சேர்ந்தது. சங்கத்தில் மிச்சமிருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். தலைவர் வாசலிலேயே செத்துக்கொண்டிருந்தார். விழும்போதெல்லாம் திரை அன்பாகக் கேட்டது: குடை வேண்டுமா? வேண்டாம் என்று சொல்வதற்கான பொத்தானும் பாழாய்ப்போன கட்டைவிரலுக்கு அடியில்தான் இருந்தது.

தொழில் கைகொடுக்கும் என்று ஒரு நாள் தோன்றியது. நல்ல ஃபோமாகப் பார்த்து அளவாக வெட்டி, ரெக்சின் சுற்றி, கன்ட்ரோலருக்கு ஒரு மெத்தை தைத்தார். விரல் அதில் தாய் மடியில் கிடப்பதுபோலக் கிடந்தது. அன்று காவலனுக்கு இரண்டு அடி கூடுதலாகவே விழுந்தது. பிறகுதான் அந்த யோசனை வந்தது: இதே மெத்தையோடு வேறு ஒருவன் சங்கத்துக்கு வந்தால் நான் என்ன தீர்ப்பு சொல்வேன்? தானே மனுப் போட்டு, தானே விசாரித்து, தானே தள்ளுபடி செய்து, மெத்தையைப் பிய்த்துக் குப்பையில் போட்டார்.

அடுத்த முறை மைத்துனன் வந்தபோது, மாமா விரலில் துணி சுற்றிக்கொண்டு செத்துக்கொண்டிருந்தார். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"விரிங்க மாமா."

"படம் ஒட்டிக்கும்டா."

"ஒட்டட்டும். எனக்கு ஒட்டியிருக்கே, என் லாரி ஓடாமப் போச்சா?"

"உனக்குப் போறதுக்கு ஒண்ணும் இல்ல மாப்ள. எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

 மனைவி குறுக்கே வந்தாள்.

"அந்தப் புது வாசலையும் இவன் தாண்டியாச்சு. உள்ள என்ன இருக்குன்னு எனக்கும் சொன்னான். கேக்கவே நல்லாயிருந்துச்சு. சொல்லட்டுமா?"

"வாயைத் திறக்காத!" என்று காதைப் பொத்திக்கொண்டார். பொத்தும்போது விரல் வலித்தது.

வீட்டிலேயே அந்த இடம் தெரியாத ஒரே ஆள், அசல் ஆட்டக்காரர்தான்.

அவர் மறுபடி விழுந்தார். குடை வேண்டுமா என்றது திரை. இந்த முறை விரல் வேண்டாம் பக்கம் போகவில்லை. வேண்டும் என்ற பொத்தான் மேல் போய் நின்றது.  மனைவி பழங்களை அப்படியே விட்டுவிட்டுப் பார்த்தாள்.

போன் மினுங்கியது. சங்கத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'அண்ணன் இன்னும் வாசல்லயே நிக்கிறார் பாருங்க. குடையைத் தொடல. அசல்னா இதுதான்.' கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

அவர் படித்தார். விரலை எடுத்துவிட்டார்.

"போச்சு," என்றான் மைத்துனன்.

அதற்குப் பிறகு அவர் ஆடவில்லை. ஆனால் ஒவ்வொரு மாலையும் கடை அடைத்து வந்ததும் கேம் பெட்டியைப் போட்டுவிடுவார். சங்கத்தார் பார்க்கும் இடத்தில் அவர் பெயர் பச்சையாக எரியும், பக்கத்தில் எந்தப் படமும் இல்லாமல். வெட்ட வருகிற ஆளுக்குத்தானே காவலன் குறுக்கே வருவான். ஆடாத ஆளை யாரும் கொல்வதில்லை, அவர் தோற்பதும் இல்லை. சங்கத்தில் அவ்வளவு சுத்தமான ஆட்டக்காரர் வேறு யாரும் இல்லை. சந்தேகம் வந்தால் அவரிடம்தான் தீர்ப்புக்கு வருவார்கள். புதிதாக யாராவது, 'அண்ணே, உள்ள எப்படி இருக்கும்?' என்று கேட்டால், 'ஆடிப் பாரு' என்று இடது கையால் தட்டி அனுப்புவார்.

அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். கன்ட்ரோலர் மடியில் கிடந்தது. பக்கத்தில் மனைவி போனைக் குலுக்கிக்கொண்டு, "ஜெயிச்சுட்டேன்," என்றாள்.

"ம்."

சுடுதண்ணீரில் நனைத்த துணியை எடுத்து அவர் விரலில் சுற்றினாள். பிறகு அடுத்த கட்டத்தைத் தொடங்கினாள். வெகுநேரம் கழித்து அவர் கேட்டார்.

"நல்ல இடம்தானா?"

எதைக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"ம். நல்ல இடம்தானாம்."

அவர் திரையைப் பார்த்தார். கோட்டை ஆட்டத்தில், ரொம்ப நேரம் யாரும் அசைக்காவிட்டால் வீரன் தானாகவே தரையில் உட்கார்ந்துவிடுவான். திரையில் அவன் உட்கார்ந்தான். வாசலுக்கு வெளியே, அம்பு விழாத ஒரு மூலையில், கதவைப் பார்த்தபடி.